எங்கிருந்தும் வேலை, எடிட்டர் மட்டும் என்னுடையது

சோழிங்கநல்லூர்ப் பக்கம் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நம்மவருக்கு இரண்டே கொள்கைகள். எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பது என்பது அவரவர் சுதந்திரம். எந்த எடிட்டரில் கோடு எழுதுவது என்பதில் எவருக்கும் சுதந்திரம் கிடையாது.

2020 மார்ச்சில் லேப்டாப்போடு வீட்டுக்குப் போனவர். வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வரச் சொல்லி மெயில் வந்ததும் கொதித்துவிட்டார். "ஓ.எம்.ஆர். முழுக்க மெட்ரோவுக்குத் தோண்டி வெச்சிருக்கான். டைடல் பார்க் சிக்னல் தாண்டுறதுக்குள்ள என் மூளை ஹேங் ஆயிடுது!" நியாயம்தான். ஆபீசுக்கு வந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரருக்கு டீம்ஸில் "ஹாய்" அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர், அதை வீட்டிலிருந்தே அனுப்பலாமே!

வீட்டு நாளில் பத்து மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு 9.58க்குக் கண் விழிப்பார். "நேத்து பார்த்ததையே இன்னைக்கும் கன்டினியூ பண்றேன், நோ பிளாக்கர்ஸ்" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் மிக்ஸி ஓடும். மதியத் தூக்கத்தில் டீம்ஸின் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடக் கூடாதே என்று, மவுஸ் தானே அசைவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியதில் இதுவரை ஒரு பக் கூட வராத புரோகிராம் அது ஒன்றுதான்.

கருவிகள் என்று பேச்சு வந்தால் ஆளே வேறு. விம் எடிட்டர் வெளிவந்தது 1991இல். இவர் பிறந்ததற்கும் முன்னால். அதனால் அதற்கு மூத்த அண்ணனுக்குரிய மரியாதை கொடுப்பார். விம்முக்குள் போய், வெளியே வர வழி தெரியாமல் விழிக்கும் புதுப் பையனிடம், "விஎஸ் கோடு வெச்சு விளையாடினா இப்படித்தான் தம்பி" என்பார். டேபுக்குப் பதில் ஸ்பேஸ் தட்டியவரின் கோடை ரிவ்யூவில் திருப்பி அனுப்புவார். லைட் மோடில் வேலை பார்க்கிற குடும்பத்தில் சம்பந்தம்கூடப் பேச மாட்டார். அத்தனை கண்டிப்பானவர் கிட்டில் எழுதும் கமிட் குறிப்புகள் மட்டும் "ஃபிக்ஸ்", "ஃபைனல் ஃபிக்ஸ்", "கடவுளே ஃபிக்ஸ்" என்று வரிசையாக இருக்கும்.

ஜிராவைத் திட்டும்போது மட்டும் டேப் கட்சியும் ஸ்பேஸ் கட்சியும் கூட்டணி சேர்ந்துவிடும்.

மேனேஜர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐயா, அவர் கேட்கிறபடி அவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அவர் வேலை முன்னேறுகிறதோ இல்லையோ, ஆபீசில் மிச்சம் இருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த எடிட்டரில் நிம்மதியாக எழுதுவார்கள்.