இடம் பார்க்கும் ஓட்டுநர்

அத்திப்பட்டு, மீஞ்சூர், வல்லூர், காட்டுப்பள்ளிச் சாலைகளில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுவோரில் ஒரு வகையினர் உண்டு. வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்துவதே தொழிலின் உயர்ந்த பகுதி என்பது இவர்களுடைய எண்ணம். ஸ்டியரிங் பிடிக்க யாருக்கும் வந்துவிடும். ராத்தங்கலுக்கு இடம் பார்க்க எல்லோருக்கும் வராது. இந்த வகையைச் சேர்ந்தவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். சொந்த ஊர் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என லாரிக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று. அப்படி இல்லாவிட்டால் அங்கே பல வருடம் ஓட்டியதாகச் சொல்லிக்கொள்வார். தோளில் ஈரத்துண்டு, சட்டைப்பையில் டிரிப் ஷீட், முகத்தில் எந்த இடத்தைக் காட்டினாலும் “ம்ஹூம்” என்று சொல்லத் தயாரான ஒரு பாவம்.

இவர் வேறு ஊர்களிலும் காணப்படுவார் என்றாலும் முழு வளர்ச்சி பெறுவது இந்த வட்டாரத்தில்தான். 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம் முதலில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவே கட்டப்பட்டது; பிறகு கார், எரிவாயு, கண்டெய்னர் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2014 முதல் அது காமராஜர் துறைமுகம். ஓட்டுநர்கள் வாயில் இன்றும் ‘எண்ணூர் போர்ட்’. பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே இராயபுரத்தில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட். வண்டலூரிலிருந்து 62 கிலோமீட்டர் ஓடிவரும் வெளிவட்டச் சாலை, தன்மேல் வந்த லாரிகளையெல்லாம் மீஞ்சூர்ப் பக்கம் இறக்கிவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடுகிறது. கப்பலின் நேரம் கப்பலுக்குத் தெரியும். கேட்டின் நேரம் கேட்டுக்குத் தெரியும். வண்டி கிளம்ப வேண்டிய நேரம் ஓனருக்குத் தெரியும். மூன்றும் ஒன்றையொன்று கலந்துகொள்வதில்லை. நடுவில் விழும் நேரம் முழுவதும் ஓட்டுநரின் கணக்கில் சேர்கிறது.

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் இடம் பார்க்கும் இதே கலையைச் செலவழித்துப் பொழுதுபோக்காகப் பயில்கிறார்கள். ஓய்வுபெற்ற தம்பதியர் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் வைத்த வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு சோளக்காட்டு ஊர்களில் தங்கித் தங்கிப் போவார்கள். அந்த வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் பகுதியில் தயாராகிறது. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க அவர்கள் கேட்பவை முக்கியமாக நான்கு: கரண்ட் 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, தண்ணீர்க் குழாய் உண்டா, கழிவுநீர் போக வழி உண்டா, ரிவர்ஸ் எடுக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாமா. அங்கே லாரிக்காரர்களும் கைவிடப்படவில்லை. அயோவாவின் வால்காட் என்ற சிற்றூரில் 1964 முதல் இயங்கும் ‘அயோவா 80’ நிறுத்துமிடத்தில் ஏறத்தாழ 900 லாரிகள் நிற்கலாம். குளியலறை, முடிதிருத்தும் கடை, பல் மருத்துவர், போதாக்குறைக்கு லாரிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். அத்திப்பட்டில் லாரியைப் பார்க்க அருங்காட்சியகம் தேவைப்படுவதில்லை.

இங்கே இடம் பார்ப்பவர் கேட்பதும் அதே நான்குதான். முதலில் மின்சாரம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளின் திறன் 1,830 மெகாவாட். வல்லூர் அனல்மின் நிலையத்துக்கு 1,500. ஆக 3,330 மெகாவாட் அக்கம்பக்கத்திலேயே இருக்க, இவருக்கு வேண்டியது செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் பாயிண்ட். அது டீக்கடைக் குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஏற்கெனவே நாலு போன் தொங்குகிறது. அடுத்தது தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் 2010 முதல் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போக, இவர் காலி கேனோடு அடிபம்பு தேடிப் போகிறார். மூன்றாவது தேவைக்குப் பெட்ரோல் பங்க். அங்கே டீசல் போட்டவருக்குக் கழிப்பறை உரிமை, போடாதவருக்குச் சலுகை. சலுகை பெறப் பங்க் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வட்டாரத்துப் பங்க் பையன்கள் எல்லோர் பெயரும் இவருக்குத் தெரியும். சிலர் கல்யாணத்துக்கு மொய்கூட எழுதியிருக்கிறார்.

நான்காவது, நுழைந்து வெளியேறும் வழி. நாற்பதடி கண்டெய்னர் மட்டுமே 12 மீட்டருக்குச் சற்று மேல். இழுக்கும் வண்டியையும் சேர்த்தால், இரவில் கிளீனர் இல்லாமல் ரிவர்ஸ் எடுப்பது பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பாமல் முடியாத காரியம். ஆகவே நேராக உள்ளே, நேராக வெளியே என்பது இவரது முதல் விதி. இரண்டாவது விதி, பெட்டியின் கதவு ஒரு சுவரையோ இன்னொரு வண்டியின் முதுகையோ ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் சீலில் எவனும் கைவைக்க மாட்டான். முதல் விதியைப் பின்பற்றினால் இரண்டாவது உடையும், இரண்டாவதைப் பின்பற்ற ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டும் இளைஞர்களிடம், “அனுபவம் வந்தா தெரியும்” என்கிறார்.

பிறகு தரைப் பரிசோதனை. அத்திப்பட்டுச் சாலையோரம் பார்வைக்கு மண்; உண்மையில் பழைய உப்பங்கழிச் சேற்றின்மேல் கட்டட இடிபாட்டையும் சாம்பலையும் கொட்டி மேவிய இடங்கள் அதில் நிறைய. மேலே காய்ந்திருக்கும், கீழே கொழகொழ. லோடு ஏற்றிய டிரெய்லர் அங்கே இரவு நின்றால் விடியும்போது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பிறகு ஜேசிபிக்காரர் சொல்வதுதான் கூலி. எனவே இவர் இறங்கி, குதிகாலால் தரையை நாலு இடத்தில் உதைத்து, லீவரை ஊன்றிப் பார்த்து, முன்பு நின்ற வண்டியின் டயர்த் தடம் எவ்வளவு ஆழம் என்று குனிந்து படிக்கிறார். இதைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் சர்வேயர் வந்திருப்பதாக எண்ணி, பட்டா விசாரிக்க வந்துவிடுவதும் உண்டு. தரை தேறினால் மட்டம் பார்க்கும் சடங்கு: தண்ணீர் பாட்டிலைக் கேபின் படுக்கையில் படுக்கவைத்து, அது உருளும் பக்கத்துக்குக் கால் நீட்டுவது. தலைப்பக்கம் உருண்டால் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை. அமெரிக்கத் தம்பதியர் இதற்கென்று ரப்பர்க் கட்டைகளைக் கடையில் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் இவர் சிரிக்கக்கூடும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் விதிகள் மாறும். சாலையோரம் ஏரியாகி, ஓரத்தில் நின்ற வண்டிகளெல்லாம் நடுவுக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வட சென்னையை மூழ்கடித்த பிறகு இவர் கைக்கு ஓர் உரைகல் கிடைத்திருக்கிறது. “மிக்ஜாமுக்கே முங்காத எடம்” என்பது இவர் தரும் மிக உயர்ந்த சான்று. அதை இதுவரை மூன்று நான்கு இடங்களுக்கு மேல் வழங்கியதில்லை.

காற்றின் கணக்கு தனி. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். வரும் வழியில் நிலக்கரித் தூளையும் சாம்பலையும் கொஞ்சம் கையோடு கூட்டிவரும். காற்றே படாத பள்ளமாகப் பார்த்து ஒதுங்கினால் கொசு. இரண்டில் சாம்பலே மேல் என்பது இவரது தீர்ப்பு. சாம்பலைத் துடைத்துவிடலாம்.

இவ்வளவும் பொருந்தினாலும் அக்கம்பக்கம் சரியில்லை என்றால் எல்லாம் வீண். மகளுக்குத் தனிக்குடித்தன வீடு பார்க்கும் தகப்பனின் கண்ணோடு இவர் பக்கத்து வண்டிகளை அளக்கிறார். கேஸ் டேங்கர் ஓட்டுபவர் நல்ல மனிதர், பீடி குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார்; ஆனால் அவர் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைக்க முடியாது, அன்றிரவு ஓட்டல் சாப்பாடு, பேட்டாவில் ஓட்டை. சாம்பல் ஏற்றும் பல்கர் வண்டி நின்றாலே கொட்டும். அதன் ஓட்டுநர் இறங்கி உடம்பை ஒருமுறை உதறினால் அக்கம்பக்கத்துச் சோற்றில் சிமென்ட் கலந்ததுபோலாகிவிடும். கரி டிப்பர்காரர் தூங்குவதே இல்லை, டிரிப் கணக்குக் கூலி. ராத்திரி முழுக்க ஹாரன். காசிமேட்டிலிருந்து வரும் மீன் வேனில் ஐஸ் தண்ணீர் சொட்டும். தண்ணீருக்குப் பூனை வரும், பூனைக்கு நாய் வரும், நாய்க்கு நாய் வரும். ரீஃபர் என்னும் குளிர்பதனப் பெட்டி இன்னும் மோசம். விடிய விடிய ஜெனரேட்டர் ஓடும். உள்ளே இறால் சுகமாகக் கிடக்கும். சுற்றியுள்ள மனிதர்களுக்குத்தான் தூக்கம் கிடையாது.

கார் கேரியர்காரரைப் பற்றி இவர் அதிகம் பேசுவதில்லை. ஏற்றுமதிக்குப் போகும் புத்தம்புது கார்களை அடுக்கிக்கொண்டு வரும் அவர் யாரோடும் ஒட்டமாட்டார். மரத்தடி ஆகாது, காக்கை எச்சமிடும். பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடம் ஆகாது. அடுப்புப் புகை ஆகாது. “முதுகுல எட்டு காரு, டீ குடிக்க நடந்துதான் வர்றாரு” என்பதோடு இவர் அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறார்.

புகழ் பரவியபின் இவருக்குப் போன்கள் வரத் தொடங்குகின்றன. புதிதாக இந்த லைனுக்கு வந்த தம்பிகள், வண்டியை எங்கே போடுவது என்று கேட்பார்கள். உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

“எங்கண்ணே நிறுத்தறது?”

“இப்ப எங்க வர்ற?”

“மீஞ்சூர் தாண்டிட்டேண்ணே.”

“தாண்டிட்டு கேக்கறியே, தாண்டறதுக்கு முன்னாடில்ல கேக்கணும். சரி, லெஃப்ட்ல ஒரு நீள காம்பவுண்டு செவுரு வரும். அங்க நிறுத்தாத, வாட்ச்மேன் சத்தம் போடுவான்.”

“சரிண்ணே.”

“அடுத்தாப்ல இன்னொரு செவுரு. அங்கயும் வேணாம், டீசல் உறிஞ்சிருவானுக.”

“அப்ப எங்கதாண்ணே?”

“ரெண்டு செவுத்துக்கும் நடுவுல அருமையான எடம் ஒண்ணு இருக்கு.”

“அங்க போட்டுரட்டுமாண்ணே?”

“அங்க நான் நிக்கறேன்.”

டீக்கடை இந்த அறிவுத்துறையின் தலைமையகம். கடைக்கார அக்காவுக்கு எந்தக் கேட் எத்தனை மணிக்கு நகரும், எந்த யார்டு எம்டி கண்டெய்னரை வாங்க மறுக்கிறது என்பதெல்லாம் ஓட்டுநர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். “இன்னாண்ணே, இன்னிக்கும் இங்கதானா?” என்று அவர் கேட்டால், வரிசை நகரவில்லை என்று பொருள். ரோந்து வரும் போலீஸ்காரர் கதவைத் தட்டும் இடம், தட்டாத இடம், தட்டினாலும் நகரச் சொல்லாத இடம் என்ற முப்பிரிவு வகைப்பாடும் இந்தக் கடை பெஞ்சில் உருவானதுதான்.

அரசு இதைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி என்று வரையறுத்தது. அதன் 9-ஆம் பிரிவு, தொழிலாளர் இரவில் தங்க நேரும் ஊர்களில் முதலாளி ஓய்வறை அமைத்துத் தர வேண்டும் என்றும் சொன்னது. சட்டப் புத்தகத்தில் அந்த ஓய்வறைக்குக் காற்றோட்டம், வெளிச்சம் எல்லாம் இருந்தன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. ஏசி ஓட இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓட டீசல் வேண்டும், டீசல் ஓனருடையது. புது வண்டி கைக்கு வந்தாலும் இவர் கொசுவலையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இத்தனை நுணுக்கத்தோடு தேர்ந்தெடுத்த இடத்தில் இவர் நிற்பது அரிது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சாலையில் வரிசை தொடங்கிவிட்டால் முன்வண்டியின் பின்னால் எங்கே நிற்கிறதோ அதுவே இடம். எண்ணூர் விரைவுச்சாலையில் ஜீரோ கேட்டை நோக்கி நாள்கணக்கில் வரிசை நின்ற காலங்களில், குப்பைமேட்டு அருகே நின்றவர் குப்பைமேட்டிலும், சாக்கடை அருகே நின்றவர் சாக்கடையிலும் பொங்கித் தின்றார்கள். ஆனால் இந்த வகையினர் வரிசை நிறுத்திய இடத்தில் நின்றதாக ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இறங்கி, நாலு பக்கமும் பார்த்து, தரையை உதைத்து, “நான் நெனச்ச எடம்தான் இது” என்பார் இவர். குப்பைமேடு என்றால், திருடன் வரமாட்டான். சாக்கடை என்றால், போலீஸ் இறங்கித் தட்டமாட்டார். ரயில் பாதை என்றால், விடிகாலை கும்மிடிப்பூண்டி வண்டி எழுப்பிவிடும், அலாரம் வேண்டாம். வரிசை இருபதடி நகர்ந்தால் மீண்டும் இறங்கி, புதிய இடத்துக்கும் காரணங்களை முழுமையாகச் சொல்லி முடிப்பார்.

பெட்டி உள்ளே போய், எம்டி யார்டில் கணக்கு முடிந்தபின் வருவது டிரிப் ஷீட். அதில் டீசலுக்கு, டோலுக்கு, பேட்டாவுக்கு, பஞ்சருக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு. தங்கியதற்குக் கட்டம் கிடையாது. டீக்கடை, வாட்ச்மேன், பங்க் பையன் எல்லாவற்றையும் சேர்த்து ‘இதர செலவு’ என்ற கடைசிக் கட்டத்தில் இவர் எண்பது ரூபாய் எழுதுகிறார்.

“இதென்னய்யா எம்பது ரூவா?” என்று ஓனர் கேட்பார்.

“பார்க்கிங்ணே.”

“ரோட்டுல நிறுத்துனதுக்கு என்னய்யா பார்க்கிங்?”

அந்தக் கேள்விக்கு இவரிடம் உள்ள விளக்கம் தரைப் பரிசோதனையில் தொடங்கி, காற்று, கொசு, ரீஃபர் பெட்டி வழியாக மிக்ஜாம் வரை போகும். ஒருமுறை கேட்ட ஓனர்கள் மறுமுறை கேட்பதில்லை. எண்பது ரூபாயை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.