மெகாஹெர்ட்ஸ் மோகம்: கேள்வி-பதில்

கே: ஓவர்கிளாக் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ப: கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவது. கூடுதல் வேகம் இலவசம், கூடுதல் சூடும் இலவசம்.

கே: மலிவு விலையில் வாங்கி ஓவர்கிளாக் செய்வதில் எல்லாக் காலத்துக்கும் ராஜா எது?

ப: கேட்டீர்களே, வாழ்க! 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் செலரான் 300ஏ. விலை 149 டாலர். பஸ் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதை) வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கல் எண் 4.5, இரண்டையும் பெருக்கினால் சுமார் 300. பெருக்கல் எண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. பஸ்ஸைப் பூட்டவில்லை! மதர்போர்டில் அதை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான சில்லுகள் முனகாமல் ஓடின. அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர். பென்டியத்தில் 512 கேபி கேஷ், ஆனால் பாதி வேகத்தில். செலரானில் 128 கேபிதான், ஆனால் முழு வேகத்தில். கேம்களில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. நான்கு மடங்கு விலை கொடுத்தவர் முகத்தை நினைத்துப் பாருங்கள்!

அடுத்த விருந்து 2000-இல். ஏஎம்டியின் டியூரான் சில்லின் மேல்புறத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி இணைப்புகள் வெட்டப்பட்டிருந்தன. பென்சிலால் அவற்றின் மேல் கோடு போட்டால் போதும், பெருக்கல் எண்ணின் பூட்டு திறந்துவிடும். பென்சில் முனையின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? தொழிற்சாலை போட்ட பூட்டுக்குச் சாவி பள்ளிக்கூடப் பையில் இருந்தது!

கே: என் பிராசசர் 3.6 கிகாஹெர்ட்ஸ், நண்பனுடையது 5. யாருடையது உசத்தி?

ப: எந்தத் தலைமுறை என்று சொல்லுங்கள், தீர்ப்பு சொல்கிறேன்.

கே: கேபினெட் முழுக்க ஆர்ஜிபி விளக்கு போட்டால் கேம் நன்றாக ஓடுமா?

ப: வெளிச்சம் கூடும். ஃபிரேம் கூடாது. அந்தக் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போடுங்கள்.

கே: இரண்டு கோர் பிராசசரை வாங்கி, வேகத்தை ஏற்றிச் சமாளிக்கலாமா?

ப: ஒரு காலத்தில் முடிந்தது. 2014-இல் பென்டியம் பெயருக்கு 20 ஆண்டு நிறைந்ததற்காக இன்டெல் ஜி3258-ஐ விட்டது. 72 டாலர், இரண்டு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், பூட்டே இல்லை. நல்ல கூலர் வைத்தவர்கள் 4.5 வரை ஏற்றி ஆடினார்கள். அதே ஆண்டு கடைசியில் ஃபார் க்ரை 4 கேம் வந்தது. இதைப் போல இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) மட்டுமே உள்ள பிராசசரில் அது திறக்கவே மறுத்தது! வேகத்தை ஏற்றலாம், இல்லாத கோரை எப்படி ஏற்றுவது?

2017 ஜனவரியில் இன்டெல்லின் ஐ3-7350கே வந்தது. மறுபடி இரண்டு கோர், 168 டாலர், ஓவர்கிளாக் செய்ய இசட் வரிசை மதர்போர்டு தனிச் செலவு. ஏப்ரலில் ஏஎம்டி ரைசன் 5 1600-ஐ 219 டாலருக்கு இறக்கியது: ஆறு கோர், 12 த்ரெட், பெட்டிக்குள்ளேயே கூலர், நடுத்தர பி350 போர்டிலும் ஓவர்கிளாக். 7350கே-யைப் பற்றிப் பேச அதன் பிறகு ஆள் இல்லை.

கே: இன்டெல் ஐ3-12100எஃப் வாங்கி ஓவர்கிளாக் செய்யலாமா?

ப: பெயரின் முடிவில் 'கே' இல்லை, ஆகவே பூட்டு. அப்படியே ஆடுங்கள்.

கே: சரி, இன்று பட்ஜெட்டில் எதை வாங்குவது?

ப: ஆறு கோருக்குக் கீழே இறங்காதீர்கள். செலவு குறைய வேண்டுமானால் ரைசன் 5 5600, கூட பி450 அல்லது பி550 போர்டு. பின்னால் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 சாக்கெட்டின் 7500எஃப், கூட பி650. ஏ520, ஏ620 போர்டுகளில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது.

ஆனால் 300-ஐ 450 ஆக்கிய காலம் போய்விட்டது. இன்றைய பிராசசர் சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை தானாகவே ஏறிக்கொள்கிறது. மிச்சம் வைப்பது கொஞ்சம்தான். வேகத்தோடு மின்செலவு ஏறும், வோல்டேஜ் ஏறினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏறும். அதனால் இப்போதைய சாமர்த்தியம் வோல்டேஜை இறக்குவது! ரைசன் என்றால் பயாஸில் வோல்டேஜை இறக்கும் கர்வ் ஆப்டிமைசர் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சூடு தணியும், பூஸ்ட் வேகம் நிலைத்து நிற்கும். சாதாரணக் காற்று, தண்ணீர்க் கூலர் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. சென்னை மே மாதத்தில் இந்த யோசனையின் அருமை தெரியும்.

ராமின் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் 3200 என்று அச்சடித்த ராம் பல நேரம் அதற்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கே: கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் போதுமா?

ப: போதாது. போதாது. போதாது.

கே: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கம்ப்யூட்டரை 'ஓவர்கிளாக்' செய்யப் போகிறேன் என்கிறான். வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ப: வெடிக்காது அம்மா. 90, 95 டிகிரியை நெருங்கினால் இன்றைய பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். உண்மையான ஆபத்து அளவுக்கு மீறி வோல்டேஜ் ஏற்றுவதில்தான். சில்லின் ஆயுள் குறையும், ஓவர்கிளாக்கால் கெட்டால் வாரன்டியும் கிடையாது. அதை மட்டும் தொடாதே என்று சொல்லுங்கள்.

மற்றபடி அவனைத் தடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுவது, சோதிப்பது, வெப்பத்தைக் குறித்துக்கொள்வது, சரிவராவிட்டால் பின்வாங்குவது: ஆய்வுக்கூடத்தில் கற்றுத்தரும் ஒழுங்கு இதுதான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த எண் எதற்கு என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கே: கடைசியாக, கையில் இருக்கும் காசை எந்த வரிசையில் செலவழிக்க?

ப: முதலில் நல்ல எஸ்எம்பிஎஸ். பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. பிறகு ஆறு கோர் பிராசசர், ஜோடி ராம், சுமாரான கூலர். ஓவர்கிளாக்குக்கென்று தனியாக ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள். கிடைக்கும் வேகம் இலவசமாகக் கிடைத்தால்தான் அது லாபம்.