லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க

"அண்ணா, அக்கவுண்ட்ஸ் ஃபோல்டர் ஓப்பன் ஆகலீங்ணா" என்று யாராவது வந்து நின்றால், அவர் முதலில் செய்வது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நாற்காலியைத் திருப்ப மாட்டார். திரையைப் பார்த்தபடியே, "என்ன மெசேஜ் வருது?" என்பார். வந்தவருக்கு மெசேஜ் ஞாபகம் இருக்காது. "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சுங்ணா, ஓகே குடுத்துட்டேன்." இதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். படிக்காமலே ஓகே கொடுத்தவனிடம் பேச என்ன இருக்கிறது? "மறுபடி வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க." வழக்கு ஒத்திவைப்பு.

கோவைப் பக்கம் பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று நூறு, நூற்றைம்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனி எதற்குள் போனாலும் இவர் இருப்பார். சம்பளப் பட்டியலில் சிஸ்டம் அட்மின், வாய்வழக்கில் ஐ.டி. அண்ணன். வாசம், ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறையில். அந்த ஏ.சி. அவருக்கல்ல, சர்வருக்கு. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும், கேமராவில் கேட் தெரியாவிட்டாலும், எம்.டி. மகளுக்கு ஆன்லைன் பரீட்சை என்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாவற்றையும் அலுத்துக்கொண்டே செய்து கொடுப்பார். ஆனால் எஃப் டிரைவ் என்று சொல்லிப் பாருங்கள், முதுகு நிமிர்ந்துவிடும். கொட்டேஷன், டிராயிங், டேலி டேட்டா, சம்பளக் கணக்கு எல்லாம் குடியிருப்பது அங்கே. அதில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடலாம் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில்.

விரல் என்றதும் மவுஸ் என்று நினைத்துவிட வேண்டாம். ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், செக்யூரிட்டியில் டிக் அடிப்பதெல்லாம் டிரெய்னிங் வந்த பையன்கள் வேலை. இவருக்குக் கறுப்புத் திரை வேண்டும். ஐகேக்கல்ஸ் என்று தட்டுவார். அடுத்து ஃபோல்டர் பெயர், ஸ்லாஷ் கிராண்ட், குரூப்பின் பெயர், ஒரு கோலன், ஒன்றோ இரண்டோ எழுத்து. எஃப் என்றால் முழு ஆட்சி. எம் என்றால் மாற்றலாம், அழிக்கலாம். ஆர்.எக்ஸ். என்றால் திறந்து பார்க்கலாம், கை வைக்கக்கூடாது. கடைசியில் ஸ்லாஷ் டி சேர்த்துவிட்டால் உள்ளே கிடக்கும் அத்தனை ஆயிரம் ஃபைலுக்கும் அதே உத்தரவு. எண்டர் தட்டியதும் ஃபைல் பெயர்கள் சரசரவென்று ஓடும். அந்த நேரத்தில் யாராவது பின்னால் நின்று வாயைப் பிளந்தால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

பந்தாவுக்காக மட்டும்தான் கறுப்புத் திரை என்று சொன்னால் பாவம் சேரும். ஜன்னலில் டிக் அடித்தால், நேற்று எதை அடித்தோம், எதை எடுத்தோம் என்பது அடித்தவருக்கே நினைவிருக்காது. தட்டிய வரியை நோட்பேடில் ஒட்டி வைக்கலாம். அடுத்த வருஷம் அப்படியே எடுத்துத் தட்டலாம். அடிபட்ட அட்மின் எதை மாற்றுவதற்கு முன்னும் ஸ்லாஷ் சேவ் போட்டு, இப்போது இருக்கும் உரிமைகளை ஒரு ஃபைலில் இறக்கிக்கொள்வார். கெட்டுப்போனால் ஸ்லாஷ் ரெஸ்டோர். அவர் டெஸ்க்டாப்பில் 'சரியா இருந்தப்ப', 'சரியா இருந்தப்ப 2', 'இதுதான் கடைசி', 'இதுதான் கடைசி புதுசு' என்று வரிசையாகக் கிடப்பவை அவைதான். திறந்தால் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக இருக்கும். அவர் மட்டும் அதைத் தினத்தந்தி மாதிரி வாசிப்பார்.

சிக்கல் எல்லாம் வாரிசுரிமையில் இருக்கிறது. மேல் ஃபோல்டரில் கொடுத்த உரிமை கீழ் ஃபோல்டர்களுக்குத் தானாக இறங்கும். தடைக்கும் அனுமதிக்கும் சண்டை வந்தால் தடைதான் ஜெயிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் தடை மேலிருந்து இறங்கி வந்தது, அனுமதி அந்த ஃபோல்டரிலேயே நேரடியாக எழுதியது என்றால் கதை மாறிவிடும், அனுமதி ஜெயிக்கும். தாத்தா வாய்மொழியாகச் சொன்ன தடை, அப்பா கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் முன்னால் நிற்காதல்லவா, அது போல. பர்ச்சேஸ் மேனேஜருக்கு இது புரியாது. ஸ்டோர்ஸ்காரரோடு சண்டை போட்டுவிட்டு நேராக இங்கே வருவார். "அந்த ஆளு இனிமே என் ஃபோல்டர் பக்கமே வரக்கூடாதுங்க. டினை போடுங்க."

ஐ.டி. அண்ணனுக்கு டினை என்ற சொல்லே ஆகாது. "குரூப்புல இருந்து எடுத்துடறேன் சார், அது போதுங்க" என்று நழுவப் பார்ப்பார். அதற்குப் பின்னால் இந்தத் தொழிலில் பலரும் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆர்வக்கோளாறில், ஒரு ஃபோல்டருக்கு எவ்ரிஒன் டினை என்று தட்டிவிட்டு எண்டர் அடிப்பார்கள். எவ்ரிஒன் என்றால் எல்லாரும். எல்லாரிலும் அட்மினும் சேர்த்தி என்பது அடுத்த வரியில் அவருக்கே 'ஆக்சஸ் இஸ் டினைட்' வரும்போதுதான் உறைக்கும். டேக்ஓன் என்று ஒரு கட்டளை உண்டு. பிடுங்கி உரிமையாளர் ஆகிவிட்டு மறுபடி நுழையலாம். நுழைந்துவிட்டார்கள், சரி, வியர்வை காய எவ்வளவு நேரமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அனுமதி கொடுத்த பிறகு அவர் சொல்லும் வாசகம் அலுவலகம் முழுக்கப் பிரசித்தம்: "லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க." தட்டிக்கழிக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. காலையில் பாஸ்வேர்ட் போட்டு நுழையும்போதே, நீங்கள் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள் என்று உங்கள் கணினி ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்கிறது. பதினொரு மணிக்கு உங்களைப் புதுக் குரூப்பில் சேர்த்தால் அது அந்தச் சீட்டில் ஏறாது. வெளியே போய் மறுபடி வந்தால்தான் புதுச்சீட்டு. இதை விளக்க ஆரம்ப நாட்களில் முயன்று பார்த்துவிட்டு இப்போது கைவிட்டுவிட்டார். ஏனென்றால், விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, ஸ்கிரீனை லாக் செய்து அன்லாக் செய்துவிட்டு, "நீங்க சொன்னதைச் செஞ்சுட்டேங்ணா, வரலை" என்று வந்து நிற்பார்கள்.

கட்டுக்கும் காப்பிக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான். ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபைலை கட் செய்து வேறு ஃபோல்டரில் ஒட்டினால், பழைய பூட்டோடு போய் உட்காரும். காப்பி செய்தால் புது இடத்தின் பூட்டு. எஃப் டிரைவில் காமன் என்று ஒரு சத்திரம் உண்டு. எல்லாருக்கும் முழு உரிமை. ஆயுத பூஜை போட்டோ, யாரோ இறக்கிய சினிமாப் படம், 'நியூ ஃபோல்டர் (7)', ஸ்கேன் எடுத்துவிட்டு எடுக்க மறந்த ஆதார் அட்டைகள் எல்லாம் அங்கே கிடக்கும். அதற்குள் ஹெச்.ஆர். மேடம் 'சும்மா அஞ்சு நிமிஷத்துக்கு' இன்கிரிமென்ட் ஷீட்டை காப்பி செய்கிறார். கட் செய்திருந்தால் தப்பித்திருப்பார். அந்த அஞ்சு நிமிஷத்தில் மொத்த ஃபேக்டரிக்கும் யாருக்கு எவ்வளவு என்று தெரிந்து, மத்தியானச் சாப்பாடு இறங்காமல் போனதற்கும் ஐ.டி. அண்ணன்தான் காரணம் என்று முடிவாகும்.

என்னைக் கேட்டால், ஒரு கம்பெனியின் நிஜ வரலாறு ஆண்டறிக்கையில் இல்லை. ஃபோல்டரின் உரிமைப் பட்டியலில் இருக்கிறது. புத்தகப்படி குரூப்புக்குத்தான் உரிமை கொடுக்க வேண்டும், தனி ஆளுக்கல்ல. ஆனால் அவசரம் என்று ஒன்று வரும். ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்கு மூன்றே நாளைக்கு. எக்ஸைஸ் காலத்து ஃபைல் தேடுகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்கு. ஒவ்வோர் அவசரத்துக்கும் ஒரு பெயர் பட்டியலில் ஏறும், ஏறியது இறங்காது. ஆடிட்டர் ஆபீஸ் பையன் இப்போது தானே ஆடிட்டராகி வேறு ஊரில் போர்டு மாட்டியிருப்பான், இங்கே அவன் பெயரில் ஆர்.எக்ஸ். அப்படியே நிற்கும். அக்கவுண்ட்ஸிலிருந்து டிஸ்பேட்சுக்கு மாறிய பெண் இன்னமும் பேலன்ஸ் ஷீட் பார்க்கலாம். எம்.டி.யின் மச்சான் பெயர் முழு ஆட்சியோடு எல்லா ஃபோல்டரிலும் இருக்கிறதென்றால் அது ஒரு காலகட்டம். பாதி ஃபோல்டரில் மட்டும் இருக்கிறதென்றால் குடும்பத்தில் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டுப் போனவர்கள் கதை தனி. கணக்கை நீக்கியதும் பட்டியலில் பெயர் மறைந்து, எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீள எண் மட்டும் நிற்கும். கணினிக்கு அந்த எண்தான் ஆள். பெயர் எல்லாம் நமக்காகப் போட்ட மேல்பூச்சு. வால் எண் நான்கைப் பார்த்தே அண்ணன் சொல்லிவிடுவார்: "1107ங்களா? அது பழைய ஜி.எம்." அதே ஜி.எம். சமாதானமாகித் திரும்பி வந்து, அதே பெயரில் கணக்குத் திறந்தாலும் எண் புதிதாகத்தான் வரும். பழைய ஃபோல்டர் எதுவும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாது. "நான் இல்லாதப்ப என் பர்மிஷனை யாரு எடுத்தது?" என்று ஜி.எம். குதிப்பார்.

தேவைக்கு மேல் யாருக்கும் உரிமை கொடுக்காதே என்று எம்.ஐ.டி.யின் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இல் ஒரு கட்டுரையில் எழுதி வைத்தார்கள். கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் இன்றைக்கும் அதுதான் அரிச்சுவடி. நம்மவர் அந்தக் கட்டுரையைப் படித்தவரல்ல. ஆனாலும் அதன்படிதான் நடக்கிறார், மனிதர்களைப் படித்திருப்பதால். "எனக்கு இந்த ஃபோல்டர் இனிமேல் வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று உலகத்தில் எவரும் மெயில் போட்டதில்லை. இரண்டு வருஷமாகத் திறந்தே பார்க்காத ஃபோல்டராக இருக்கும். சத்தமில்லாமல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துவிடுவார். திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் போன் வந்துவிடும். எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ.

இவருக்கு நேர் எதிரான ஜாதி ஒன்று உண்டு: 777 கட்சி. லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள். 1971-இல் பெல் லேப்ஸிலிருந்து வந்த முதல் யூனிக்ஸிலேயே சி-எச்-மாட் என்ற கட்டளை இருந்தது. இன்றைய கணக்கு எளிது: படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளருக்கு ஒரு 7, குரூப்புக்கு ஒரு 7, ஊராருக்கு ஒரு 7. எந்தப் புகார் வந்தாலும் இந்தக் கட்சிக்காரர் 777 என்று தட்டிவிட்டு டீக்குப் போய்விடுவார். புகார் தீர்ந்துவிடும், எல்லாரும் அவரைத்தான் நல்லவர் என்பார்கள். அப்புறம் ஒருநாள் ரிசப்ஷன் கணினியில் ஒரு ரான்சம்வேர் நுழையும். அந்தக் கணினிக்காரர் எதில் எல்லாம் எழுதலாமோ அதையெல்லாம் அதுவும் எழுதலாம். ஆகவே டிராயிங் ஃபோல்டர் வரைக்கும் போய்ப் பூட்டிவிட்டு வரும். நல்லவரை அப்போது தேடினால் அவர் வேறு கம்பெனியில் சேர்ந்து, அங்கேயும் நல்லவர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே நம் அண்ணன் கறாரானதில் தப்பில்லை. நாளாக நாளாக அந்தக் கறார் ஆளைத் தாண்டி வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மெயில் வேண்டும், அதில் மேனேஜர் அப்ரூவல் வேண்டும், எதுவரைக்கும் என்று தேதி வேண்டும். போன மாதம் எம்.டி.யே அந்த ஏ.சி. அறைக்கு வந்தார். அண்ணன் எழுந்து நின்றார்.

"ஏப்பா, சேலரி ஃபோல்டர் எனக்கு ஓப்பன் ஆகலையே?"

தட்டினார். ஹெச்.ஆர். மேடம் கேட்டதால் அந்த ஃபோல்டரின் வாரிசுரிமையைத் துண்டித்து, இரண்டே பேருக்கு மட்டும் கொடுத்தது நினைவுக்கு வந்தது. துண்டித்தபோது மேலிருந்து வந்துகொண்டிருந்த எம்.டி.யும் சேர்ந்து போயிருந்தார்.

"ரெண்டு நிமிஷ வேலைங்க சார். ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க, உங்க மேனேஜர் அப்ரூவலோட."

"எனக்கு யாருப்பா மேனேஜர்?"

அண்ணன் உண்மையிலேயே யோசித்தார். "ஹெச்.ஆர். மேடம் ஓகேன்னு ஒரு வரி போட்டாக்கூடப் போதுங்க சார்."