வாயில உறிஞ்சின எண்ணெய்

எங்க வீட்டுல கடலெண்ணெய் கடையில வாங்கற பழக்கமே இல்லைங்க. தோட்டத்துல கடலைக்காய் பிடுங்கி, உரிச்சு, காயவெச்சு, அவினாசிப் பக்கம் செக்குக்குக் கொண்டுபோவோம். ரெண்டரைக் கிலோ பருப்புக்குச் சுமாரா ஒரு லிட்டர் கிடைக்கும். பெருமையா டின்னுல பிடிச்சுட்டு வந்து வெச்சா, வெயில் காலம் வர்றதுக்குள்ள சிக்கு வாடை வந்துரும். வந்த சம்பந்தி ஒரே ஒரு வடையைக் கடிச்சுட்டு, இதுவரைக்கும் அவருக்கு இல்லாத சர்க்கரை வியாதியைச் சொல்லிக் கையைக் கழுவிட்டாரு.

அப்பத்தான் அமெரிக்காவுல இருக்கற அக்கா பையன்கிட்ட கேட்டேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன், வீட்டுல பீர் காய்ச்சறான். அக்காவுக்கு இன்னும் தெரியாது. அவளை நாங்க கட்டிக் கொடுத்தது சேலம் ஜில்லாவுல. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கை முதல்ல ஆரம்பிச்சதே அந்த ஜில்லாவுலதான். இவன் இருக்கற நாட்டுல அப்ப ஜனாதிபதியா இருந்த கார்ட்டர் 1978-ல கையெழுத்துப் போட்ட சட்டப்படி, ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுல வருஷத்துக்கு 200 காலன், அதாவது எழுநூத்தம்பது லிட்டருக்கு மேல, வீட்டுச் செலவுக்குன்னு காய்ச்சிக்கலாமாம். அந்தக் கணக்கைக் கேட்டா அக்கா அடுத்த பிளைட்டுல ஏறிருவா.

"மாமா, பீருக்கும் உங்க எண்ணெய்க்கும் எதிரி ஒருத்தன்தான், ஆக்ஸிஜன்"னான். 19 லிட்டர் பிடிக்கற ஸ்டீல் கெக் வெச்சிருக்கான், ஒரு காலத்துல சோடா கம்பெனிக்காரங்க சர்பத் அடைச்சு அனுப்பினது. அதுல கிருமிநாசினித் தண்ணியை விளிம்பு வரைக்கும் ரொப்பி, கார்பன் டை ஆக்ஸைடை விட்டு அந்தத் தண்ணியை வெளிய தள்ளுவான். இப்ப உள்ள காத்தே கிடையாது, கேஸ் மட்டும்தான். அப்புறம் குழாய் வழியா அடியில இருந்து சத்தமில்லாம பீரை ஏத்துவான். சலசலன்னு ஊத்தினா போச்சு, கொஞ்ச நாள்ல நிறம் மங்கி, பீர்ல போடற ஹாப்ஸ் பூ வாசம் ஓடிப்போயி, நனைஞ்ச அட்டைப்பெட்டியைக் கடிச்ச மாதிரி ஆயிருமாம்.

எனக்கு அது போதும். எண்ணெய் டின்னுல தண்ணி ரொப்ப முடியாது, கேஸ் மட்டுமாவது விடலாம்னு பாட்டில்ல சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊத்தி, மூடியில குழாய் சொருகி, மறுமுனையைக் காலி டின்னுல விட்டேன். கேஸ் வந்துதுங்க. கேஸுக்குப் பின்னாடியே நுரையும் வந்துது. டின்னு பூரா ஊறுகாய்ப் பானை வாசம். துடைச்சாப் போகும்னு மேற்கொண்டு போயிட்டேன்.

அடுத்தது சத்தமில்லாம ஏத்தறது. எண்ணெய் இருந்த பெரிய கேனைத் திண்ணை மேல வெச்சு, டியூபை விட்டு வாயில உறிஞ்சினேன். எண்ணெய் வராது வராதுன்னு இருந்து, ஒரேயடியா வந்துது. வாய் நிறைய பச்சைக் கடலெண்ணெயோட நான் நிக்க, டியூபு கையை விட்டு நழுவித் திண்ணை, செருப்பு, அன்னிக்குப் பேப்பர் எல்லாத்துக்கும் எண்ணெய் தேய்ச்சு விட்டுது. காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் பம்ப் கம்பெனியில வேலை பார்த்து ரிடையர் ஆனவர் நின்னு பார்த்துட்டிருந்தாரு. "ஏனுங்க, நாடு பூராவும் மோட்டார் பம்ப் அனுப்பற ஊருல இருந்துக்கிட்டு வாயில உறிஞ்சறீங்களே?"ன்னாரு. பதில் சொல்ல வாய் காலியா இல்லை.

எப்படியோ ரொப்பி வெச்சேன். அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் மூடியைத் திறந்து, வாடை வருதான்னு மோந்து பார்த்து, திருப்தியா மூடிருவேன். டின்னுல எண்ணெய் குறையக் குறைய மேல காத்து ஏறும், நான் திறக்கத் திறக்கப் புதுக் காத்து வேற. மாப்பிள்ளை கெக்கைத் திறக்கறதே இல்லை. குடிக்கற வரைக்கும் கேஸே உள்ள இருந்து தள்ளி விடுது. அதை நான் கேட்டுக்கலை. வழக்கத்துக்கு முன்னாடியே வாடை வந்துருச்சு.

"ஏனுங்க, கெட்டுப்போச்சான்னு பார்த்துப் பார்த்தே கெடுத்துப் போட்டீங்க"ன்னா எங்க வீட்டம்மா. மிச்சம் கேன்ல இருந்ததைச் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்ல காத்துக்கு இடமில்லாம கழுத்து வரைக்கும் ஊத்தி, வெளிச்சம் படாத பரண்ல ஏத்திட்டா. ஒண்ணு தீர்ந்தாத்தான் அடுத்தது கீழ இறங்கும். பரண் ஏணி இப்ப எனக்குத் தெரியாத இடத்துல இருக்கு.

அந்த டின்னு மட்டும் அப்படியே கிடக்குதுங்க. வடைக்கு ஆகாது, கடலெண்ணெய்ங்கறதால சாமி விளக்குக்கும் ஆகாதுன்னுட்டாங்க. உங்க வீட்டு கேட் கீச்சுக் கீச்சுன்னு கத்துனா பாட்டிலோட வாங்க, தாராளமா ஊத்தித் தர்றேன். கொஞ்ச நாள்ல கீல்ல பிசுக்கு ஏறும், அதுக்கு மட்டும் என்னைக் கேக்கக் கூடாது.