வழிமொழிந்த தாழம்பூ

தலைவர் தேர்தல்னா நம்ம ஊருக்குப் புதுசா வாத்தியாரே? மொதல் போட்டியே திருவண்ணாமலையிலதான நடந்துது. யாரு பெரியவன்னு பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் தகராறு. அண்ணாமலையார் நெருப்புத் தூணா எழுந்து நின்னாரு. அடியையோ முடியையோ எவன் மொதல்ல பாத்துட்டு வர்றானோ அவன் பெரியவன்னாரு. விஷ்ணு பன்றியா மாறிப் பூமியத் தோண்டினாரு. பிரம்மா அன்னமா மாறி மேல பறந்தாரு. பாதி வழியில ஒரு தாழம்பூ கீழ வந்துக்கினு இருந்துது. "முடியப் பாத்துட்டன்னு சொல்லப் போறன், நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு"ன்னாரு பிரம்மா. அதுவும் சொல்லிடுச்சு.

பிரம்மா முன்மொழிஞ்சாரு, தாழம்பூ வழிமொழிஞ்சுது. உங்க அறிவியல் ஆசிரியர் சங்கத்துப் பொதுக்குழுவுல நடக்குதே, அச்சு அசல் அதேதான்.

இதுல ரெண்டு சங்கதியக் கவனிக்கணும். பொய் சொன்ன வேட்பாளருக்குக் கோயில் இல்லாம போச்சு, சரி. கூட நின்னு தலையாட்டின பூவும் சிவபூசைக்கு ஆவாதுன்னு தள்ளி வெச்சிட்டாங்க. உங்க சங்கத்துல வழிமொழிஞ்சவனை எவனாவது என்னிக்காவது கூப்ட்டுக் கேட்டதுண்டா? கைய தூக்கிட்டு, டீயக் குடிச்சிட்டு, வண்டியக் கெளப்பிட்டுப் பூடறான். ரெண்டாவது, "தோண்டிப் பாத்தன், என்னால காண முடியல"ன்னு ஒத்துக்கிட்ட விஷ்ணுவுக்கு ஊரூருக்குக் கோயிலு. தெரியாததைத் தெரியலன்னு சொல்றதுதான உங்க விஞ்ஞானம்? அந்த ஒரு பாடத்தப் புள்ளைங்களுக்கு நடத்தறீங்க, சங்கத்துக்குள்ள மட்டும் அதை சாய்ஸ்ல விட்டுடறீங்க.

இப்போ உங்க கதைக்கு வர்றன். தலைவருக்கு நாலு பேர் முட்டிக்கிறாங்களாம். செயலாளருக்கு ரெண்டு பேர் "பாக்கலாம்"ன்றாங்களாம். பொருளாளருக்கு ஆளே கெடைக்கலியாம். இதக் கேட்டதுமே சங்கத்தோட ஜாதகம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாலை விழற நாற்காலிக்குத் தள்ளுமுள்ளு, ரசீது கிழிக்கிற நாற்காலியில ஈ ஒக்காந்திருக்குது. சம்பளம் கெடையாது, படி கெடையாது, செங்கத்துக்குப் போயி வந்தா பஸ் காசுகூடக் கையிலேர்ந்துதான். அப்பறம் எதுக்குய்யா இம்மாம் அடிதடி? லெட்டர் பேடுல பேரு வரும். கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கறப்போ முன் வரிசையில நிக்கலாம். வூட்டு வாசல்ல போர்டு மாட்டலாம்.

நீயும் ஜெயிக்கணும்னா வழி சொல்றன், கேட்டுக்கோ. மொதல்ல, வேலைன்னு எதையும் செஞ்சிடாத. செஞ்சா தப்பு வரும், தப்பு வந்தா பேரு கெடும். வாட்ஸ்அப் குரூப்புல காலையில 5 மணிக்கே ரோசாப்பூ படம் போட்டு வணக்கம் வெச்சிடு. எந்த வாத்தியாரு ரிட்டயர் ஆனாலும் பொன்னாடையோட போயி நில்லு. போட்டோ எடுக்கறவன் ரெடின்னதும் அரை அடி முன்னால வந்துடு. மைக்கைப் புடிச்சா "நேரத்தின் அருமை கருதி"ன்னு ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் பேசு. நடுநடுவுல சர் சி.வி. ராமனையும் அப்துல் கலாமையும் சாட்சிக்குக் கூப்ட்டுக்கோ. ரெண்டு பேரும் எழுந்து வந்து மறுக்கப் போறதில்ல. எவனாவது கணக்குக் கேட்டா கோவப்படாத, கண்ணு கலங்கு. "சங்கத்தோட ஒத்துமையக் கொலைக்கப் பாக்கறாங்களே"ன்னு தழுதழுத்துப் பாரு, கேட்டவனே வந்து மன்னிப்புக் கேப்பான்.

இப்டி நடந்துக்கினா உனக்கு அசைவே கெடையாது. சட்டத்தப் பத்திக்கூட பயப்படாத. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்னு 1975-லயே ஒண்ணு வந்துது. ஏழு பேர் சேந்தா சங்கத்தப் பதிவு பண்ணலாம், நிர்வாகக் குழுவுல மூணு பேருக்குக் கொறையக் கூடாது, குழுவோட ஆயுசு மூணு வருஷத்தத் தாண்டக் கூடாதுன்னு அதுல இருக்குது. வருஷா வருஷம் பொதுக்குழுவக் கூட்டணும்னும் இருக்குது. ஆனா யாரத் தேர்ந்தெடுக்கறதுன்னு சட்டம் சொல்லாது, அது உங்க பாடு. மினிட்ஸ் புக்குல "ஏகமனதாக"ன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும், மூணு வருஷம் முப்பது வருஷமா நீண்டுடும்.

சட்டம் விட்ட எடத்த நம்ம பாட்டன் பூட்டன் எப்டி அடைச்சான்னு பாக்கணும்னா வந்தவாசி தாண்டி உத்திரமேரூருக்குப் போயிட்டு வா. குடவோலைன்னு பத்து மார்க் கேள்விக்குப் படிச்சிட்டு மறந்துட்டிருப்ப. பராந்தக சோழன் காலத்துல, 919-ல ஒரு தடவை, 921-ல ஒரு தடவை, சபையோட பைலாவக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. மொதல் பைலாவுல வயசு 30-லேர்ந்து 60. ரெண்டே வருஷத்துல அதத் திருத்தி 35-லேர்ந்து 70 ஆக்கிட்டாங்க. விதி ஒத்துவரலன்னா மாத்திடணும்னு அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. உங்க பைலாவ எந்த பீரோவுல வெச்சு எவன் சாவியத் தொலைச்சான்னே உங்களுக்குத் தெரியாது.

ஊருல முப்பது குடும்பு, இப்போ வார்டுன்றமே அது மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி இருக்கறவங்க பேர ஓலையில எழுதிக் கொடத்துல போடுவாங்க. சபையில இருக்கற கோயில் நம்பிமார்ல வயசுல மூத்தவரு கொடத்தத் தூக்கி எல்லாருக்கும் தெரியற மாதிரிக் காட்டுவாரு. வெவரம் தெரியாத சின்னப் பையன் ஒருத்தன் கைய வுட்டு ஒரு ஓலைய எடுப்பான். இதுக்கு மேலதான் எனக்குப் புடிச்ச எடம். அந்த ஓலைய வாங்கறவரு அஞ்சு வெரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன்? வெரலிடுக்குல வேற ஓலை ஒளிஞ்சிருக்கக் கூடாது இல்ல! படிச்சதும் அங்க இருக்கற மத்தவங்களும் அதையே வாங்கிப் படிக்கணும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே மனுஷன் கைய எம்மாம் நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்கான் பாரு.

தகுதியில ரெண்டு விதி இருக்குது, அத உங்க பைலாவுல அப்டியே ஒட்டிக்கோ. ஏற்கெனவே வாரியத்துல, அதான் அந்தக் காலத்து நிர்வாகக் குழுவுல, இருந்து கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக்கூடாது. அவன் மட்டுமில்ல, அவனோட சொந்தக்காரங்களும் வரக்கூடாது. சித்தி மவன், மாமன், மச்சான்னு ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ஆவற அளவுக்குப் பட்டியல் போட்டிருக்காங்க. ரெண்டாவது, கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல ஒக்காந்தவன் பேரு கொடத்துக்குள்ள போவக்கூடாது. ஏறினவன் எறங்கணும், அடுத்தவன் ஏறணும். வாரியத்தோட ஆயுசு 360 நாளு. நடுவுல குத்தம் கண்டாலும் எறக்கிடுவாங்க.

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரல. கொடத்துக்குள்ள போன பேரெல்லாம் நெலம் இருந்த, வேதம் படிச்ச பிராமண ஆம்பளைங்க பேரு. நானும் நீயும் ஏரிக்கரையில நின்னு வேடிக்கைதான் பாத்திருப்போம். பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்ல.

பொம்பளைங்கன்னதும் ஞாபகம் வருது. உங்க அறிவியல் வாத்தியாருங்கள்ல எத்தினி பேர் டீச்சரம்மா? நிர்வாகத்துல எத்தினி பேரு? கேட்டா, "அவுங்க முன்வர்றதில்ல"ன்னு சொல்லுவ. கூட்டத்த எப்போ வெக்கறீங்க? சாயங்காலம் ஆறு மணிக்கு, அதுவும் ஒரு பௌர்ணமி அன்னிக்கு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். போளூர்லேர்ந்து வர்ற டீச்சரம்மா எப்டி வருவாங்க, எப்டித் திரும்புவாங்க? கதவ உள்பக்கம் தாப்பா போட்டுட்டு, ஏன் யாரும் வரலன்னு கேக்கறதுல உங்கள மிஞ்ச ஆள் இல்ல.

என் பேரன் போன்ல பாத்து ஒண்ணு சொன்னான். அமெரிக்காவுல அறிவியல் ஆசிரியருங்களுக்கு 1944-லேர்ந்து ஒரு தேசியச் சங்கம் இருக்குதாம். உறுப்பினருங்க ஓட்டுப் போட்டுத் தலைவர எடுக்கறாங்களாம். ஜெயிச்சவரு அன்னிக்கே நாற்காலியில குந்தறதில்ல. மொத வருஷம் அடுத்த தலைவர்ன்ற பேர்ல பக்கத்துல இருந்து வேலை கத்துக்கணும். ரெண்டாவது வருஷம் தலைவர். மூணாவது வருஷம் மாஜி தலைவரா இருந்து வந்தவருக்குக் கைகுடுக்கணும். அதோட சரி. உங்க ஊருல மாஜி தலைவரு மூணே வேலைதான் செய்வாரு: கௌரவத் தலைவர் ஆவாரு, இல்ல சாவி குடுக்காம இழுத்தடிப்பாரு, இல்ல போட்டிச் சங்கம் ஆரம்பிப்பாரு.

சரி, ஆள எப்டித் தேடறதுன்னு கேக்கற. உழவு மாடு வாங்கறவன் கொம்புல பூசின பெயிண்ட்டப் பாத்துப் பணம் குடுக்கமாட்டான். ஏர்ல கட்டி ஒரு சால் ஓட்டிப் பாப்பான். உங்க தொழில்ல ஓட்டிப் பாக்கறதுக்கு எடமா இல்ல?

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்த எடுத்துக்கோ. 1980-ல ஆரம்பிச்சது. 1987-லேர்ந்து புள்ளைங்களுக்குத் 'துளிர்'னு ஒரு இதழ் வருது. 1993-ல தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆரம்பிச்சுது. அந்த மாநாட்டுக்குப் புள்ளைங்க ஆய்வு பண்ணணும்னா வழிகாட்டி ஆசிரியர்னு ஒருத்தர் வோணும். அவருக்கு மேடை கெடையாது. சனி ஞாயிறுல புள்ளைங்களக் கூட்டிக்கினு ஏரித் தண்ணியப் பாட்டில்ல புடிச்சு, கெணத்துக்குள்ள கயிறு வுட்டு மட்டம் அளந்து, அஞ்சு தடவை அடிச்சுத் திருத்தின அறிக்கைய ஆறாவது தடவை படிச்சுக்கினு இருப்பாரு. அப்டி யாரு யாரு இருக்கறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுது. இவுங்க வேட்புமனு போடமாட்டாங்க. நீதான் தேடிப் போவணும்.

இன்னொரு சோதனையும் சொல்றன். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு வடக்க பன்னெண்டு பாகைக்குக் கொஞ்சம் மேல இருக்குதுன்னு நீதான் பாடம் எடுக்கற. அதனால வருஷத்துல ரெண்டு நாளு உச்சிப் பொழுதுல சூரியன் நேர் தலைக்கு மேல வருது. ஏப்ரல் பின்பாதியில ஒரு நாளு, ஆகஸ்டுல ஒரு நாளு. நட்ட குச்சியோட நெழலு சுருங்கிச் சுருங்கிக் குச்சிக்கு அடியிலயே பூந்துக்கும். நிழலில்லா நாள்னு சொல்றீங்களே, அதான். ஆகஸ்டுல மேகம் மறைச்சுடுச்சுன்னு தப்பிச்சுக்கலாம். ஏப்ரல்ல தப்பிக்க முடியாது. பரீட்சை நேரம், பாறையெல்லாம் கொதிக்கிற வெயிலு, லீவு எப்போ வுடுவான்னு எல்லாரும் மணியப் பாத்துக்கினு இருப்பாங்க. அந்தப் பன்னெண்டேகால் மணிக்குக் குச்சியையும் பத்துப் புள்ளைங்களையும் கூட்டிக்கினு மைதானத்துக்கு எவன் வர்றானோ, எந்த டீச்சரம்மா வர்றாங்களோ, அவுங்க பேரக் கொடத்துல போடு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து, "குச்சியக் கொஞ்சம் புடிங்க, போட்டோ எடுத்துக்கறன்"னு கேக்கறவனுக்கு ஏற்கெனவே ஒரு பதவி இருக்கும், வெசாரிச்சுப் பாரு.

ஆனா, வேலை செய்யறான்றதுக்காக ஒருத்தன் தலையிலயே எல்லாத்தையும் கட்டிடாத. தெரியாம கேக்கறன், நல்ல வாத்தியாருக்கு நீங்க குடுக்கற பரிசு எதுக்கு எப்பவும் இன்னொரு வேலையாவே இருக்குது? புள்ளைங்க வெவரத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலை அவனுக்கு, கண்காட்சி அவனுக்கு, பேருந்து பேசறது அவனுக்கு. ரெண்டு வருஷத்துல கும்புடு போட்டுட்டு ஓடிடுவான். வேலையக் கூறு போடு. காவலூர் தொலைநோக்கியக் காட்டப் புள்ளைங்களக் கூட்டிப்போறது ஒருத்தர், சந்தா வாங்கறது ஒருத்தர், இதழ் போடறது ஒருத்தர். அதுக்குப் பேருதான் குழு. சோழன் காலத்துலயே ஏரிக்கு ஒண்ணு, தோட்டத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனி வாரியம் இருந்துது.

இம்மாம் நேரம் தலையாட்டிக்கினே கேட்ட. நான் ஒண்ணு கேக்கறன், நீ மறைக்காம சொல்லு. தலைவருக்கு நாலு பேர் நிக்கறாங்கன்னு சொன்னனே, அஞ்சாவது ஆளு ஒருத்தர் பேனருக்கு அளவு குடுத்துட்டாருன்னு பெரிய தெரு பிளக்ஸ் கடைக்காரப் பையன் சொன்னான். போட்டோவுல நீல சட்டையாம். இன்னிக்கும் அதே சட்டையத்தான் போட்டுக்கினு வந்திருக்க.

மொறைக்காத. பேனர அடிச்சுக்கோ, பேரும் இருக்கட்டும், படமும் இருக்கட்டும். கீழ 'தலைவர் வேட்பாளர்'னு இருக்கற எடத்துல மட்டும் 'பொருளாளர் வேட்பாளர்'னு மாத்திடச் சொல்லு. உன்ன எதுத்து ஒருத்தனும் நிக்கமாட்டான், ஏகமனதா ஜெயிச்சிடுவ. ஜெயிச்ச மறுநாளு போன மூணு வருஷத்து வவுச்சர் ஃபைலக் கேளு. அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து சங்கத்துல எவன் எவன் உனக்குக் குட் மார்னிங் போடறத நிறுத்தறான்னு பாத்துக்கினே வா. அடுத்த தேர்தலுக்கு யாரு பேரக் கொடத்துல போடக்கூடாதுன்னு அந்தப் பட்டியலே சொல்லிடும்.