கட்டம் கட்டிய கொரியன்

கணினியில் கொரிய எழுத்து தெரியாமல் போகும் நோய் இரண்டு வகைப்படும். எழுத்துரு இல்லாவிட்டால் வெறுங்கட்டம் வரும். எழுத்துருவை நிறுவினால் குணமாகும். குறியாக்கம் தெரியாத மென்பொருள் கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டால், போனது போனதுதான்.

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதிக்குப் பல நாட்டு அன்பர்கள் வருவதால், செங்கம் சாலை டிடிபி கடைக்கு இந்த நோய் புதிதல்ல. பென் டிரைவைச் செருகியதும் திரையில் கட்டங்கள் வரிசை கட்டும்; ரமணரின் ‘நான் யார்?’ விசாரணையை எழுத்துகளே தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். கடைக்காரர் அசர மாட்டார். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை வானவில் என்ற இன்னொன்றில் திறந்து பார்த்துப் பக்குவப்பட்டவர் அவர்.

கொரிய அசைகள் 19 முதலெழுத்து, 21 உயிர், இறுதிமெய்க்கு 28 வாய்ப்பு என்று பெருகி 11,172 ஆகின்றன. 1996இல் யூனிகோடு குறியாக்கத்தின் 2.0 பதிப்பு அத்தனைக்கும் தனித்தனி இடம் கொடுத்தது. தமிழின் 247 எழுத்துக்குக் கிடைத்தது 128 கட்டம்; அதிலும் பல காலி. பெரும்பாலான உயிர்மெய்களைத் துண்டு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. எழுத்துருவுக்கொரு குறியாக்கம் என்ற குழப்பம் தீர்க்க 1999இல் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. 2010இல் யூனிகோடு, டேஸ்16 என்று மீண்டும் இரண்டு. ஒரே தரம் என்பது எப்போதும் இரண்டாகவே பிறக்கும்.

கூகுளும் அடோபியும் 2014இல் கொரிய எழுத்துருவை இலவசமாகவே வெளியிட்டன. அதைப் பதிவிறக்க நேரமில்லாதவர்கள், எழுத்துருவைப் பொதிந்த பிடிஎஃப் ஆகக் கொண்டுவருவது நல்லது.