நிசப்த பரிபாலகர்

பிரிட்ஜை அணைத்தாகிவிட்டதா என்று மனைவியை மூன்று முறை கேட்டுவிட்டு, அந்த அம்மாள் சொன்ன பதிலில் நம்பிக்கை பிறக்காமல் தாமே சமையலறைக்குச் சென்று, நோயாளியின் மார்பில் காது வைக்கும் வைத்தியரைப் போல அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டு, பிராணன் போய்விட்டது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் வீட்டுக் கச்சேரிக்காரர் வாசற்கதவைத் திறந்து விருந்தினரை உள்ளே விடுவார். என் மகள் குடியிருக்கும் வட கரோலினாவின் கேரி நகரத்தில் அவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் நாற்பது மடக்கு நாற்காலிகளும், சன்மானம் போட ஒரு பிரம்புக் கூடையும், சங்கீதத்தின்பால் அடங்காத பக்தியும் எங்கெங்கே ஒருங்கே சேர்ந்திருக்கின்றனவோ அங்கெல்லாம் அவர் இருக்கிறார்.

ஒலிபெருக்கி இல்லாமல், மின்சாரத்தின் சம்பந்தமே இல்லாமல், மரமும் தந்தியும் மனிதக் குரலும் எழுப்பும் நாதத்தை எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். சித்தாந்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் தோடியை விஸ்தரிக்க, அதற்கு மேலாகச் சம்பந்தி வீட்டார் காபியில் சர்க்கரை போதவில்லை என்று பஞ்சாயத்து நடத்தும் தேசத்திலிருந்து வந்தவனுக்கு, இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே முதலில் ஆனந்தமாக இருந்தது. அனுஷ்டானத்தைப் பார்த்த பிறகுதான் அந்த ஆனந்தம் குறையலாயிற்று.

சனிக்கிழமை ஏழரை மணிக்குக் கச்சேரி என்றால் ஐந்து மணிக்கே ஓசை வேட்டை தொடங்கிவிடும். சுவர்க்கடிகாரம் துவாலையில் சுற்றப்பட்டுக் குளியலறைக்கு நாடு கடத்தப்படும். ஒவ்வொரு நாற்காலியிலும் தாமே உட்கார்ந்து எழுந்து, கிறீச்சிடும் மூட்டுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். நாய் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அது இங்கே இரவெல்லாம் ஊளையிடுவது அவருடைய ஆளுகைக்கு அப்பாற்பட்ட விஷயம். இருமல் வருகிறவர்களுக்காக வாசலில் ஒரு கிண்ணம் நிறைய வில்லைகள் வைத்திருப்பார். காகிதம் பிரிக்கும் சலசலப்புக்கூடக் கேட்கலாகாது என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே உரித்து வைத்திருப்பதால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட, இருமல் வந்தவர் அதை உடைக்க எழுப்பும் ஓசைதான் அன்றைய சபையில் முதல் தாள வாத்தியம்.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். பிரிட்ஜ் விஷயத்தை மன்னிப்பதற்கில்லை. முன்னொரு காலத்தில் பிடில்காரர் ஒருவர் மெதுவான வால்ட்ஸ் ஒன்றை வாசித்து, கடைசி ஸ்வரத்தை வில்லின் நுனியில் நிறுத்தி, சபை முழுவதும் மூச்சுவிடாமல் இருந்த தருணத்தில், பிரிட்ஜுக்குள் இருக்கும் ஐஸ் இயந்திரம் அதுவரை சேர்த்து வைத்திருந்த கட்டிகளை மடமடவென்று கொட்டிற்றாம். பின்வரிசையில் இரண்டு பேர் அதைப் பாட்டின் முடிவென்று கருதிக் கைதட்டிவிட்டார்களாம். அன்று முதல் அந்தப் பெட்டி அவருக்கு ஜன்ம விரோதி.

அணைத்த பிரிட்ஜை மறுபடியும் போட மறந்துபோகாமலிருக்க, ஒலிப்பதிவுக்காரர்களிடையே ஒரு யுக்தி வழங்குகிறது: கார்ச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகச் சாவியைத் தேடுகிறவன் பிரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டுமல்லவா? நம்மவர் எங்கேயோ இதைக் கேள்விப்பட்டு, வேத வாக்காக ஏற்றுக்கொண்டு, தவறாமல் தம் சாவியை வெண்ணெய்த் தட்டில் வைத்துவிடுகிறார். தம் வீட்டிலேயே கச்சேரி நடத்தும் மனிதர் கச்சேரி முடிந்து எங்கே போகப்போகிறார் என்பதை மட்டும் அவர் யோசித்ததில்லை. மறுநாள் மத்தியானம் வரை அந்தச் சாவி உருகிய வெண்ணெயில் நிம்மதியாக மிதந்துகொண்டிருக்கும். என் பேரன் அவருக்கு 'பிரிட்ஜ் தாத்தா' என்று பெயர் வைத்திருக்கிறான். "தாத்தா, பிரிட்ஜ் தாத்தா நம்மள மறுபடியும் கூப்பிட்டிருக்கார்!" என்று அவன் ஓடிவந்து சொன்னால், அந்த வாரம் நாய்க்குப் படுக்கை விரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இவ்வளவு பாதுகாப்புக்கும் பாத்திரமான சங்கீதம் எது என்று எண்ணுகிறீர்கள்? புளூகிராஸ். பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிதார், ஆளுயரத்துக்கு நிற்கும் பேஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்து, ரயில் பாலத்தைக் கடப்பது போன்ற வேகத்தில் வாசிக்கும் சங்கீதம். மாண்டலின் என்றதும் யு. ஸ்ரீநிவாஸின் மின்சார வாத்தியத்தையே நினைத்துக்கொள்ளும் எனக்கு, இவர்களுடைய எட்டுத் தந்தி மாண்டலின் வெட்டி வெட்டிப் போடும் தாளத்தில் முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாஞ்சோவைப் பற்றியோ கேட்க வேண்டியதில்லை. அது ஒலிக்கும் அறையில் பிரிட்ஜ் அல்ல, மாவு மில்லே ஓடினாலும் காதில் விழாது. மூன்று விரல்களால் மீட்டும் பாணியை நாடறியச் செய்த எர்ல் ஸ்க்ரக்ஸ், இதே மாகாணத்தில் 1924இல் பிறந்து, இளமையில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் இரைச்சலுக்குப் பழகிய காதுடையவரின் வாத்தியத்துக்கு ஐஸ் கட்டியால் என்ன பங்கம் வந்துவிடும்?

சரி, எல்லா ஓசையையும் அடக்கியாயிற்று. இனி அந்த வீட்டில் ஓசை எழுப்பக்கூடிய வஸ்து ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது வீட்டுக்காரர்.

அவர் பேசுகிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் 'காதோடு' சொல்கிறார். அந்தக் காது என்னுடையது. ஆனாலும் சமையலறை வரை அது கேட்கும். மாண்டலின்காரர் கண்ணை மூடிக்கொண்டு தனி ஆவர்த்தனத்தில் இறங்கியிருப்பார். "இது 1923ஆம் வருஷத்து கிப்சன் கம்பெனி மாதிரி, அசல் வாத்தியத்தில் லாயிட் லோர் என்பவர் கையெழுத்துப் போட்டிருப்பார், அப்படி ஒன்றைத்தான் புளூகிராஸின் பிதாமகர் பில் மன்ரோ புளோரிடாவில் ஒரு சவரக்கடையில் பார்த்து வாங்கினார்" என்று ஆரம்பிப்பார். பாஞ்சோவின் முறை வந்தால், அதன் ஐந்தாம் தந்தி மற்றவற்றைவிடக் குட்டையாய், கழுத்தின் நடுவிலேயே முடிந்துவிடுவதைச் சுட்டிக் காட்டி, அது ஒரே சுருதியில் இடைவிடாமல் ரீங்கரிக்கும் அதிசயத்தை விவரிப்பார். வீணையின் பக்கத் தந்திகள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் காரியம்தான் இது என்று நானும் காதோடு சொல்ல நினைத்து வாயைத் திறந்தால், உடனே உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்பார். 1945ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஸ்க்ரக்ஸ் மன்ரோவின் கோஷ்டியில் சேர்ந்த வரலாற்றை இதுவரை ஒன்பது கச்சேரிகளில் ஒன்பது முறை கேட்டிருக்கிறேன். இதற்கிடையே அவருடைய வலது கால் பூட்ஸ் பலகைத் தரையில் தாளம் போடும். அது எந்தத் தாளம் என்பதை பேஸ்காரர் பலமுறை அண்ணாந்து பார்த்து யோசித்ததுண்டு.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு நாள், வாத்தியங்களையெல்லாம் கீழே வைத்துவிட்டு நால்வர் தோளோடு தோள் உரச நின்று, வெறுங்குரலில் ஒரு தேவகானம் பாடினார்கள். பாடுகிறவர்கள் அடுத்த அடிக்காக மூச்சை உள்ளே இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. பிரிட்ஜ் ஓடாததன் பெருமையை அன்றுதான் ஒப்புக்கொண்டேன். நான்கு குரல்களும் ஒன்றாகி இறங்கும் இடத்தில், "கவனித்தீர்களா, எவ்வளவு நிசப்தம்!" என்று என் காதில் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை இங்கே அலங்காரம் செய்து எழுத விருப்பமில்லை. ஐந்நூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, நாற்பது பேருக்காகப் பாடுகிற மனிதர்கள் அவர்கள். அந்த ஒரு நிமிஷத்தை அவர் கெடுத்துவிட்டார். நான் அதை இன்னும் மறக்கவில்லை.

அதே மனிதர் கூடையில் சேரும் பணத்தில் ஒரு காசு தொடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தலைக்கு இருபது டாலர் என்று கணக்கு, முழுவதும் வித்வான்களுக்கே. பேய்மழை பெய்த ஓர் இரவில் பதினோரு பேர்தான் வந்திருந்தோம். எல்லோரும் கோப்பையும் கையுமாக நின்ற சமயம் அவர் மாத்திரம் வாசற்பக்கம் போய், சட்டைப் பையிலிருந்து நோட்டுக்களை எண்ணாமலே எடுத்து, கூடையின் அடியில், மற்ற நோட்டுக்களுக்குக் கீழே திணித்ததை நான் பார்த்தேன். அன்றும் தம் கட்டிலை வித்வான்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் சோபாவில்தான் படுத்தார்.

ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கமாதலால், போன தடவை என் மகள் ஒரு பெரிய பாத்திரம் நிறைய சேமியா பாயசம் செய்து அனுப்பினாள். பாதி மிஞ்சிற்று. வீட்டு அம்மாள் அதைப் பத்திரமாக மூடி, வழக்கப்படி உயிரற்றுக் கிடந்த பிரிட்ஜுக்குள் வைத்தார். மறுநாள் பிற்பகல் வீட்டுக்காரரே பாத்திரத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு புதிய ஞானத்தின் ஒளி.

"நேற்று வெறும் தித்திப்பாக இருந்தது. ஒரு ராத்திரி வைத்திருந்தால்தான் அந்தப் புளிப்பு வரும் போலிருக்கிறது. என்ன நுட்பமான ருசி! முழுவதையும் நானே சாப்பிட்டுவிட்டேன்" என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். அடுத்த கச்சேரி 14ஆம் தேதியாம். பாயசத்தை முதல் நாளே அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறார்.